சாவியைப் படம் பிடிக்காதீர்!

பூட்டிக் கிடந்த இந்த மண்டபத்தை நேரத்துக்குத் திறந்துவைத்துவிட்டு, அந்தச் சாவியைத் தம் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! இரும்புப் பெட்டகங்களோடு பேசிப் பேசியே மனிதர்களோடு அளவாகப் பேசக் கற்றுக்கொண்ட எங்கள் பெட்டகப் பெரியவரே! மேடையிலே அமர்ந்திருக்கும் ஆன்றோரே! வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடும் தந்தையரே! அது எங்கே கிடக்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும் தாய்மாரே! அரம் பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர்களான அண்ணன்மாரே, தம்பிமாரே! இந்தத் தொழிலுக்கு நேற்று வந்து இன்று எங்களையே ஓரங்கட்டிக்கொண்டிருக்கும் தங்கைமாரே! தேநீர் எப்போது வரும் என்று கடைசி வரிசையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கிவிட்ட என் வீட்டுக்காரரே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சாவிக்கார அக்காவின் வணக்கம்.

என்ன தலைவரே, அதற்குள் மணியில் கை வைக்கிறீர்கள்? வணக்கம் சொல்வதற்கே என் நேரம் முடிந்துவிட்டதா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூட்டைத் திறக்க நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்பு நண்பர்களே, நம் ‘திறவுகோல்’ இணையக் குழுவில் நாள்தோறும் சந்திக்கிறோம், நாள்தோறும் சண்டை போடுகிறோம். ஆனால் முகத்துக்கு முகம் பார்ப்பது இன்றுதான். தன் பெயருக்குப் பக்கத்தில் உறுமுகிற புலியின் படத்தை வைத்திருப்பவர் நேரில் இவ்வளவு சாதுவாக இருப்பார் என்று யார் கண்டது? ‘எந்தப் பூட்டும் என் முன் தூசு’ என்று எழுதிக்கொண்டிருந்தவர், சற்று முன் இந்த மண்டபத்தின் கழிப்பறைக் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தாரே, அதையும் கண்டோம். யாரென்று சொல்ல மாட்டேன். அவரே தலையைக் குனிந்துவிட்டார்.

சிரித்தது போதும். நாம் இங்கே கூடியிருப்பது சிரிப்பதற்கு மட்டும் இல்லை. நம் குழு எதற்காகப் பிறந்தது? ஒரு மேசை, ஓர் இயந்திரம், சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். அந்தப் பெட்டிக் கடைக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவர்கள் நாம். புதுமாதிரிப் பூட்டு ஒன்று வந்துவிட்டால் யாரைக் கேட்போம்? எதிர்க் கடைக்காரர் தையல்காரர். பக்கத்துக் கடைக்காரர் பழம் விற்பவர். வாடிக்கையாளர் முன்னால் தெரிந்ததுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அவர் போனபின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தனிமையைத் தீர்த்தது இந்தக் குழு. கேள்வி கேட்டால் பதில் வந்தது. விரலை வெட்டிக்கொண்டால் ஆறுதல் வந்தது. கடைக்குள் வெள்ளம் புகுந்த தம்பிக்குப் பழைய இயந்திரம் ஒன்று வண்டியேறிப் போய்ச் சேர்ந்தது. நம்மையெல்லாம் ஒரு கூட்டமாக்கியது இந்தக் குழுதான்.

அந்தக் குழுவுக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. இணையத்திலே நமக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ‘உங்கள் குழுவில் சட்டத்துக்குப் புறம்பான பதிவுகளும் நடத்தையும் காணப்படுகின்றன. விதிகளை வகுத்து, குறித்த நாள் மாலைக்குள் உறுப்பினர்கள் அவற்றை ஏற்காவிட்டால் குழு மூடப்படும்’ என்கிறது. அந்த நாள் இன்றுதான். ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடுகிற நம் வாசலுக்கே பூட்டு வரப்போகிறது! இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

அங்கே யார் முணுமுணுப்பது? “நாங்க என்ன திருடங்களா அக்கா, எங்களுக்கு எதுக்கு விதி?” என்கிறீர்களா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். குழுவின் நிர்வாகியாக நான் அந்த எச்சரிக்கையைப் போட்ட நாள் முதல் இதே கேள்விதான் என் கைபேசியை உலுக்கிக்கொண்டிருக்கிறது. நாம் திருடர்கள் இல்லை. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் நாம் எப்படிப்பட்ட நல்லவர்கள் என்பதை நான் கொஞ்சம் சொல்லட்டுமா?

ஒரு நாள் குழுவிலே புதிதாக ஒருவர் வந்தார். பெயர் இல்லை. முகம் இல்லை. வணக்கம்கூட இல்லை. நேராகக் கேள்வி: “சத்தம் வராம ஒரு கதவத் திறக்கறது எப்படி?” உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்தில் இதைக் கேட்டாலும் அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? ‘யாருடைய கதவு?’ என்பார்கள். ‘ஏன் ஐயா சத்தம் வரக் கூடாது?’ என்பார்கள். நம் ஆட்கள் கேட்டார்களா? கேட்கவே இல்லை! ஒருவர் மெஷின் ஆயில் என்றார். இன்னொருவர் ‘ஆயில் விட்டால் தூசி ஒட்டும், பென்சில் தூள்தான் சரி’ என்றார். மூன்றாமவர் அதையே செய்துகாட்டிக் காணொளி போட்டார். ஆயில் அணி, பென்சில் அணி என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் கிழித்தெடுத்தார்கள். கேள்வி கேட்டவர் சத்தமில்லாமல் வந்தார், சத்தமில்லாமல் கற்றுக்கொண்டார், சத்தமில்லாமல் போய்விட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை! எந்தக் கதவு திறந்ததோ, யார் வீட்டுக் கதவோ, இன்றுவரை நமக்குத் தெரியாது.

இதுதான் நம் குணம் தோழர்களே. கேள்வி தொழிலைப் பற்றியதாக இருந்துவிட்டால் போதும், கேட்டவர் யார் என்று பார்க்கவே மாட்டோம். நம் கண்ணுக்குப் பூட்டுதான் தெரியும். பூட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆள் தெரிவதில்லை.

அப்படி நம் கண்ணுக்குத் தெரியாமல் போன ஓர் ஆளின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். கதையா? நடந்தது. உங்களில் பாதிப் பேர் இதில் பங்கெடுத்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். பட்டப்பெயர் மட்டும் சொல்வேன்.

நம் குழுவிலே ‘வழுக்கல்’ என்று ஒருவர் இருக்கிறார். அவர் வெட்டிய சாவி பூட்டுக்குள் போவதே தெரியாது, அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வந்த பட்டம். வேலையிலே அவரைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் மனிதருக்கு ஒரு பலவீனம். சாவி வெட்டி முடித்த கையோடு அதைத் துடைத்து, கறுப்புத் துணியில் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, படம் எடுத்துவிடுவார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அவ்வளவு படம் எடுத்ததில்லை என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவரிடம் ஒரு நாள் ஒரு பெண் வந்தார். மருந்துக்கடை நடத்துகிறவர். தனியாக வாழ்கிறவர். “வீட்டுப் பூட்ட மாத்தணும். நல்ல பூட்டாப் போடுங்க. சாவி ஒண்ணே ஒண்ணு போதும்” என்றார். வழுக்கல் வீட்டுக்கே போய் நல்ல பூட்டாகப் பொருத்தினார். அந்தப் பெண்ணின் கண் முன்னே சாவி வெட்டிக் கொடுத்தார். அப்படியே திரும்பி வந்திருக்கலாம் அல்லவா? “ஒரு நிமிஷம்மா” என்று சாவியை வாங்கினார். கறுப்புத் துணியை விரித்தார். அளவு எவ்வளவு துல்லியம் என்று நாம் வியக்க வேண்டுமே, அதற்காகச் சாவிக்குப் பக்கத்தில் எஃகு அளவுகோல் ஒன்றையும் வைத்தார்! படம் எடுத்தார். குழுவில் போட்டார். கீழே என்ன எழுதினார் தெரியுமா? ‘மருந்துக்கடைக்குப் பின் தெரு, பச்சை கேட் வீடு. வாடிக்கையாளர் தனியாக வசிக்கிறார், ஆகவே சிறப்புக் கவனத்துடன் வெட்டப்பட்டது.’

சிரிக்கிறீர்கள்! இப்போது சிரிக்கிறீர்கள். அன்று என்ன செய்தீர்கள்? ‘ஆகா’ என்றீர்கள். ‘அற்புதம்’ என்றீர்கள். ‘பல்லா இது, முத்து!’ என்றார் ஒருவர். வீட்டு அடையாளம் இருக்கிறது, ஆள் தனி என்ற செய்தி இருக்கிறது, சாவியின் பல் இருக்கிறது, பல்லை அளக்க அளவுகோலும் இருக்கிறது. இனித் திருடனுக்குப் போக்குவரத்துச் செலவு ஒன்றுதான் பாக்கி! அதை ஒருவரேனும் சொன்னீர்களா? நமக்கு அது சாவியாகவே தெரியவில்லை ஐயா, சித்திரமாகத் தெரிந்தது. சாவி வெட்டுகிறவர்களைத் தவிர உலகில் வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது.

நல்ல வேளை, திருடன் வரவில்லை. வந்தவர் அண்ணன்.

ஆம், அந்த மருந்துக்கடைப் பெண்ணின் உடன்பிறந்த அண்ணன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்குப் பிரேக் போட்டுப் போட்டுப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத் தங்கையின் வாழ்க்கையிலும் காட்டினார். பழைய சாவி ஒன்று அவரிடம் இருந்தது. தங்கை இல்லாத நேரத்தில் வருவார். அலமாரியைத் திறப்பார். வந்த கடிதத்தைப் பிரிப்பார். “இதெல்லாம் எதுக்கு வாங்கின? அவ யாரு, ஏன் இங்க வந்து போறா?” என்று விசாரணை வைப்பார். சொல்லிப் பார்த்தார் தங்கை, கேட்கவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்டார், தரவில்லை. அதனால்தான் பூட்டையே மாற்றினார்.

மறுமுறை வந்த அண்ணன் பழைய சாவியைப் போட்டார், திரும்பவில்லை. புதுப் பூட்டு! இந்த வட்டாரத்தில் இவ்வளவு நறுவிசாகப் பூட்டுப் பொருத்துகிறவர் யார் என்று விசாரித்து வழுக்கலின் கடைக்குப் போனார். கடை சாத்தியிருந்தது. ஆனால் பலகை சாத்தியிருக்கவில்லையே! ‘எங்கள் கைத்திறனைத் திறவுகோல் குழுவில் காண்க’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் நம்மவர். அண்ணன் வந்தார், குழுவில் சேர்ந்தார், கண்டார்! பச்சை கேட்டைக் கண்டார், தங்கையின் சாவியைக் கண்டார்.

படத்தை எடுத்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தது நம் இன்னொரு உறுப்பினரிடம். ‘மின்னல்’ என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சாவியை முடித்துவிடுகிறவர். “என் வீட்டுச் சாவி தொலைஞ்சுபோச்சு தம்பி. நல்ல வேளையா ஒரு படம் இருக்கு” என்றார் அண்ணன். சாவியைத் தொலைத்தவரிடம், அளவுகோல் வைத்து எடுத்த படம் எப்படி இருக்கும் என்று மின்னல் கேட்டாரா? எங்கே கேட்டார்! படத்தைப் பார்த்தார், கை பரபரத்தது, வெட்டிவிட்டார். வெட்டியதோடு விட்டாரா? அவரும் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார்! ‘பூட்டைப் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்து வெட்டியது’ என்று பெருமை வேறு.

அதற்குக் கீழே முதல் பாராட்டு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? வழுக்கலிடமிருந்து! ‘நல்ல கை, தம்பி. எங்கேயோ பார்த்த சாவி மாதிரி இருக்கு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வைத்திருந்தார்.

கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள். இதன் பிறகு சிரிக்க முடியாது.

அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறார். கேட் சாத்தியிருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. உலகத்திலேயே ஒரே ஒரு சாவி, அது தன் கைப்பையில். நிம்மதியாகத் திறக்கிறார். உள்ளே விளக்கு எரிகிறது. அண்ணன் சோபாவில் சாய்ந்து, கால்களை மேசைமேல் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சி பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மடியிலே பிரித்துப் போட்ட கடிதம். தலையைத் திருப்பி என்ன சொன்னார் தெரியுமா? “வா வா. ஏன் இவ்ளோ லேட்டு?”

அந்தப் பெண் கத்தவில்லை. அழவில்லை. வந்த வழியே திரும்பி வெளியே போய்த் தெருவில் நின்றார். தன் வீட்டுக்கு வெளியே, தன் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் போன பிறகும் அன்றிரவு அவரால் அங்கே தங்க முடியவில்லை. பிறகு தங்கிய நாட்களில் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். நாம் போட்ட பூட்டு கதவில் இருக்கிறது, நாற்காலி காவல் காக்கிறது! பூட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு இதைவிட ஒரு அடி வேண்டுமா?

பிறகு அவர் பூட்டைத் தானே கழற்றினார். நேராக வழுக்கலின் கடைக்குப் போனார். மேசைமேல் வைத்தார். “நான் உங்ககிட்ட பூட்டு வாங்கினேனா, விளம்பரம் வாங்கினேனா?” என்று கேட்டார்.

வழுக்கலுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அந்தப் பூட்டைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “அண்ணன்தானேம்மா உள்ள வந்தது? திருடன் இல்லையே?” என்றார்.

அந்தப் பெண் சொன்னார்: “அண்ணன்தான். அதனாலதான் பூட்டு மாத்தினேன். திருடனுக்குப் பயந்திருந்தா நாய் வளத்திருப்பேன்.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுமா ‘அண்ணன்தானே’ என்கிறீர்கள்? குழுவிலே எத்தனை பேர் அப்படி எழுதினீர்கள்! ‘குடும்ப விவகாரம்’ என்றீர்கள். ‘சொந்தத் தங்கை வீடு’ என்றீர்கள். தங்கை புகார் கொடுத்ததும் காவல் நிலையத்திலே அண்ணனும் இதையேதான் சொல்லிப் பார்த்தார். “என் தங்கச்சி வீடு மேடம்” என்றார். அங்கே இருந்த பெண் காவலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாராம்: “தெரியுது சார். உங்க தங்கச்சி வீடு. உங்க வீடு இல்ல.” அழைக்காத வீட்டுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழைந்தால் அதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. நுழைந்தவர் அண்ணன் என்பதால் அந்தப் பெயர் மாறிவிடாது. அந்தச் சாவிக்குப் படம் கொடுத்தது யார்? நாம்! வெட்டிக் கொடுத்தது யார்? நாம்! பூ வைத்துப் பாராட்டியது யார்? சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! ...ஆம், நாம்தான்.

அந்தப் பெண் காவல் நிலையத்தோடு நிற்கவில்லை. நமக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கும் புகார் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த எச்சரிக்கை. உடனே நீங்கள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். “அக்கா, நீங்க ஒரு பொம்பள. போய்ப் பேசுங்க. புகார வாபஸ் வாங்கச் சொல்லுங்க” என்றீர்கள். நானும் போனேன். எப்படிப் பேச வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே ‘நம்ம புள்ளைங்க’ என்று சொல்லி மனத்தைக் கரைக்க வேண்டும் என்றெல்லாம் பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கடையிலே எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பார்த்தாலே தெரிகிறது, நெடுநாள் வாடிக்கையாளர். “தூக்க மாத்திரை குடும்மா, வழக்கமா வாங்கறதுதான். டாக்டர் சீட்டு வீட்ல இருக்கு” என்றார். அந்தப் பெண் புன்னகை மாறாமல் சொன்னார்: “எடுத்துட்டு வாங்க சார், நான் கடைய சாத்தாம இருக்கேன்.”

பெரியவருக்குக் கோபம். “என்னையே நம்பலையா நீ?”

“உங்கள நம்பாம இல்ல சார். சீட்டுக் கேக்காம குடுத்தா, நாளைக்கு என்னையே நான் நம்ப முடியாது. விதி எனக்கும் சேத்துத்தான்.”

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்து என் முறை. “உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்டார் அந்தப் பெண். நான் என்ன கேட்பேன்? பேருந்தில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் அங்கேயே மடித்து வைத்துவிட்டேன். எனக்கு இருமலே இல்லை ஐயா, இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்! இன்னும் என் பையில் கிடக்கிறது. தொண்டை கட்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி நான் அவரிடம் கேட்கவில்லை. இன்றும் கேட்கப்போவதில்லை. அவரும் வாங்கவில்லை. வாங்கவும் கூடாது! நம் குழுவைக் காப்பாற்ற வேண்டியது அவருடைய இரக்கம் அல்ல, நம்முடைய ஒழுங்கு.

ஆகவே விதிகளைச் சொல்கிறேன். காதைத் திறந்து வையுங்கள், அதற்குச் சாவி தேவையில்லை.

சாவியைப் படம் பிடிக்காதீர்! இது முதல் விதி, தலையாய விதி. பல் தெரிகிற படம் எதுவும் நம் குழுவில் இருக்காது. பழைய படங்கள் எல்லாவற்றையும் அழித்தாயிற்று. உங்கள் கண்ணீரை நான் அறிவேன். ‘கைப்பிடியை மட்டுமாவது போடலாமா அக்கா’ என்று கேட்ட தம்பி, தாராளமாகப் போட்டுக்கொள். பூட்டு மாற்றுபவர் யார், வீடு எங்கே, தனியாக இருக்கிறாரா, எத்தனை மணிக்கு வெளியே போகிறார், இதெல்லாம் நம் காதோடு முடிய வேண்டியவை. மருத்துவரிடம் நோயைச் சொல்வதுபோல் நம்மிடம் மக்கள் பயத்தைச் சொல்கிறார்கள். அதை ஊரறியப் பரப்பினால் நமக்குப் பேர் என்ன?

படத்தைப் பார்த்து வெட்டக் கூடாது. சோப்புக் கட்டியில் அழுத்தி எடுத்த அச்சைக் கொண்டுவந்து, ‘நண்பருக்கு ஒரு சின்ன ஆச்சரியம் கொடுக்கணும்’ என்பார்கள், அதற்கும் வெட்டக் கூடாது. சாவி வர வேண்டும், இல்லையென்றால் பூட்டு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நாம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மின்னல் தம்பி, கேட்கிறதா? வேகமாகத் தலையாட்டாதே. யோசித்து ஆட்டு.

பூட்டைத் திறக்கும் வித்தை இனிப் பொதுவில் இல்லை. என்னம்மா, கை தூக்குகிறீர்கள்? “உண்மையாவே வீட்டுக்குள்ள குழந்தை மாட்டிக்கிட்டா என்னக்கா பண்றது?” நல்ல கேள்வி, இந்த அவையிலேயே நல்ல கேள்வி! எழுதிக் கற்றுக்கொடுக்காதே, எழுந்து போ. இதுதான் விதி. பக்கத்தில் இருக்கிற உறுப்பினர் யாரோ அவர் கிளம்பிப் போகட்டும். வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்க்கட்டும். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பிறகு திறக்கட்டும். அப்படிப் போனால் உள்ளே இருக்கிற குழந்தைக்கும் உதவி, தெருவில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் நிம்மதி.

பெரிய நிறுவனத்தின் முத்திரையைப் போலியாக அடித்த பூட்டு விற்பனை கிடையாது. நேற்று வெளிவந்த திரைப்படத்தை இன்று குழுவிலே திருட்டுத்தனமாக ஏற்றிவிட்ட அந்தத் தம்பி எங்கே? அடுத்தவர் உழைப்பின் கதவை உடைத்துத்தான் அந்தப் படம் வெளியே வந்திருக்கிறது. பூட்டுத் தொழில் செய்கிறவன் அதைப் போய்ப் பரப்பலாமா? படம் வேறு நன்றாகவே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பார்த்தீர்களா, அவரும் பார்த்திருக்கிறார்! விதி நிர்வாகிக்கும் உண்டு, நிர்வாகியின் வீட்டுக்காரருக்கும் உண்டு. முதல் எச்சரிக்கை அவருக்குத்தான்.

வசவு கூடாது, மிரட்டல் கூடாது. பென்சில் தூள் சண்டையிலே ‘உன் கையை உடைப்பேன்’ என்று எழுதிய இருவரும் இதோ நாலாவது வரிசையில் அடுத்தடுத்த நாற்காலியில் ஒரே பிஸ்கட் பொட்டலத்தைப் பகிர்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள். நேரில் இவ்வளவு அன்பு, திரைக்குப் பின்னால் அவ்வளவு வீரம் எதற்கு? மீறினால் ஒரு முறை சொல்வேன். மறுமுறை வெளியேற்றுவேன். குற்றம் என்றால் காவல் நிலையத்துக்கு நானே சொல்வேன். அப்புறம் ‘அக்கா மாறிட்டாங்க’ என்று வருத்தப்படாதீர்கள்.

இப்போது உங்கள் முடிவு வேண்டும். கைதட்டல் எனக்கு வேண்டாம். அது எல்லா மண்டபத்திலும் கிடைக்கும். உங்கள் சாவிக்கொத்துகளை எடுங்கள். எடுங்கள், எடுங்கள்! எங்கள் வாசலை நம்பி வரும் எவருடைய கதவையும் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று ஏற்பவர்கள், கொத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்குங்கள்!

ஆகா... கேட்கிறதா தலைவரே? உங்கள் மணி எங்கே, எங்கள் சாவிகள் எங்கே! வழுக்கல் குலுக்குகிறார். மின்னல் குலுக்குகிறார். தேநீர் கொண்டுவந்த அண்ணன்கூடத் தம் சைக்கிள் சாவியைக் குலுக்குகிறார். பெட்டகப் பெரியவர் தம் ஒற்றைப் பெரிய சாவியை எழுந்து நின்று உயர்த்துகிறார். விதிகள் நிறைவேறின! இந்த நொடியிலேயே நிறுவனத்துக்குச் செய்தி போகிறது. நம் வாசல் திறந்தே இருக்கும்.

அமருங்கள். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அந்த மருந்துக்கடைத் தங்கை இங்கே வந்திருக்கிறார். திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், அவராக மேடைக்கு வருவார். வாருங்கள் தங்கையே. இவர் நம்மைப் பாராட்ட வரவில்லை. சொன்னதைச் செய்கிறோமா என்று தம் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார். அண்ணன் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? சென்ற வாரம் வந்தாராம். வாசலில் நின்று அழைப்புமணி அடித்தாராம். அந்த வீட்டு மணியின் ஓசையே அன்றுதான் அவருக்குத் தெரிந்ததாம்! தங்கை அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்தார். பிறகு தாமாகவே கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார். தேநீரும் கொடுத்தார்.

வழுக்கல் அவர்களே, நீங்களும் மேடைக்கு வாருங்கள். கழற்றிய பூட்டுக்குப் பதிலாக, நம் குழுவில் வேறு எவரும் பார்த்திராத புதுப் பூட்டு ஒன்றை இவர் காலையில் போய்ப் பொருத்திவிட்டு வந்திருக்கிறார். அதன் சாவி இவருடைய மூடிய கைக்குள் இருக்கிறது. அளவு குறித்த தாளைக் கிழித்துப்போட்டுவிட்டார். கறுப்புத் துணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். சற்று முன் என் காதில் இவர் என்ன சொன்னார் தெரியுமா? “அக்கா, நான் வெட்டினதுலயே இதுதான் அழகான சாவி.” சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

‘காட்டு, காட்டு’ என்று யார் கத்துவது? இப்போதுதானே கொத்தைக் குலுக்கினீர்கள்? எல்லோரும் கைபேசியை உள்ளே வையுங்கள். முதல் வரிசையில் இருக்கும் என் வீட்டுக்காரரே, உங்களையும்தான் சொல்கிறேன். இவ்வளவு நேரம் எடுத்த படம் போதும், பைக்குள் போடுங்கள். போட்டுவிட்டீர்களா? நன்றி. வீட்டில் சோறு உண்டு.

கொடுங்கள் அண்ணே. கையோடு கையாக, விரல் பிரியாமல் கொடுங்கள்.

வாங்கிவிட்டார். உள்ளங்கையைக் குவித்து, தனக்கு மட்டும் தெரியும்படி திறந்து பார்க்கிறார். ...சிரிக்கிறார்! பார்த்தீர்களா, சிரிக்கிறார்! பையில் போட்டுக்கொண்டார். நம் குழுவின் தலைசிறந்த வேலையை உலகத்தில் ஒரே ஒருவர் பார்த்திருக்கிறார். இன்றிரவு அந்த வீட்டு நாற்காலி மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

பொறுமையோடு மணியை அடக்கி வைத்திருந்த தலைவருக்கும், ஆன்றோருக்கும், ஆறிப்போன தேநீரை எனக்காகக் காத்துக் குடிக்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் கதவுகள் உங்களுக்கு மட்டுமே திறக்கட்டும். வணக்கம்!